எலிகளை எடை போட்ட மருத்துவர் – சர் ராபர்ட் மெக்காரிசன்

எடை பார்க்கும் கருவியில் ஏறி நிற்கிறோம். முள் ஓர் எண்ணைக் காட்டுகிறது. நாற்பத்திரண்டு, நாற்பத்தெட்டு, ஐம்பது என்று குறித்துக்கொண்டு இறங்கி விடுகிறோம். அருகில் நிற்கும் தோழியின் எண் என்ன என்று எட்டிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் அந்த எண்ணுக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 27 அல்லது 28 கிலோ வெறும் தண்ணீர்! கொழுப்பு சுமார் 12 கிலோ. புரதம் 7 அல்லது 8 கிலோ. எலும்பு, பல் முதலியவற்றில் உள்ள தாதுப்பொருள்கள் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். மாவுச்சத்து சில நூறு கிராம் மட்டுமே. மூன்று வேளையும் சோறும் இட்டிலியும் உண்ணும் நமக்கு, உடலில் மாவுச்சத்து இவ்வளவு குறைவா என்று வியப்பாக இருக்கும். உண்ட மாவுச்சத்து எரிந்து சக்தியாகிறது. மிஞ்சியது பெரும்பாலும் கொழுப்பாகி விடுகிறது. சேர்த்து வைக்க உடலில் அதற்கு அதிக இடம் இல்லை.

வளர்ந்த மனித உடலில் உள்ள சுண்ணாம்புச்சத்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. பந்தல்குடியில் உள்ள நமக்குச் சுண்ணாம்பைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் ஊர்ப் பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் சிமெண்டு ஆலைக்குப் போகிறது. அந்தக் கல்லில் உள்ள அதே தனிமம்தான் நம்மையும் நிமிர்ந்து நிற்க வைக்கிறது. உடலின் நீரும் கொழுப்பும் தசையும் எரிந்து போனால் எஞ்சுவது இரண்டு மூன்று கிலோ சாம்பல்தான். சாம்பல் புதனன்று குருவானவர் நம் நெற்றியில் பூசும் சாம்பல் இதைத்தான் நினைவூட்டுகிறது போலும்.

விலங்குகளில் இந்தக் கணக்கு பலவாறு மாறும். கடலில் மிதக்கும் சொறிமீனில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். ஒட்டகத்தின் திமிலில் இருப்பதோ பலரும் எண்ணுவது போலத் தண்ணீர் அன்று, கொழுப்பு. யானையின் எடையில் எலும்பின் பங்கு எலியின் எடையில் உள்ளதை விட மிக அதிகம். பெரிய உடலைத் தாங்கப் பெரிய தூண் வேண்டும் அல்லவா? அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்து வேம்பூர் ஆட்டையே பார்ப்போம். அது மேய்ந்து, அசைபோட்டு, தண்ணீரும் குடித்து வந்து நிற்கும்போது, எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரைப்பையில் கிடக்கும் புல்லும் நீருமே. சந்தைக்குப் போகும் முன் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுபவர்களுக்கு இந்த விஞ்ஞானம் நன்றாகத் தெரியும்!

ஆகவே எடை என்பது ஒன்று. எடையில் அடங்கியிருப்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை அறியத் தம் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒருவர் நம் தமிழ்நாட்டில், நீலகிரி மலையில் உள்ள குன்னூரில் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் பணியாற்றினார். அவர்தான் சர் ராபர்ட் மெக்காரிசன். குன்னூருக்குச் சுற்றுலா செல்வோர் சிம்ஸ் பூங்காவைப் பார்த்து விட்டுத் திரும்புகிறார்கள். பூங்காவுக்கு அருகிலேயே உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் நடந்ததை அறிந்தவர் சிலரே.

மெக்காரிசன் 1878ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில் போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவம் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து நம் நாட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. அவரை அனுப்பிய இடமோ இமயத்துக்கு அப்பால் சித்ரால், கில்கிட் என்னும் மலைப்பகுதிகள். இன்று அவை பாகிஸ்தானின் ஆட்சியில் உள்ளன. வேறொருவராக இருந்தால் எப்போது மாற்றல் வரும் என்று நாட்களை எண்ணியிருப்பார். இவர் நோய்களை எண்ணத் தொடங்கினார்.

கில்கிட்டில் அவர் கண்ட காட்சி கழுத்துக் கழலை நோய். மலையிலிருந்து இறங்கும் ஒரே வாய்க்காலின் நீரை ஊருக்கு ஊர் பயன்படுத்தினார்கள். மேலே இருந்த ஊரில் கழலை குறைவு. வாய்க்கால் இறங்க இறங்க நோயாளிகள் கூடிக்கொண்டே போனார்கள். நீரில் கலந்துள்ள அழுக்கே காரணம் என்று மெக்காரிசன் கருதினார். அதைச் சோதிக்க அவர் செய்ததுதான் நம்மைத் திகைக்க வைக்கிறது. அந்த நீரை வடிகட்டி, வடிகட்டியில் தங்கிய கசடை அவரும் தாமாக முன்வந்த சிலரும் நாள்தோறும் குடித்தார்கள்! சிலருக்குக் கழுத்து வீங்கியது, அவருக்கும் வீங்கியது. கசடைக் கொதிக்க வைத்துக் குடித்தவர்களுக்கு வீக்கம் வரவில்லை. நோயைப் பிறர் உடலில் தேடும் முன் தம் உடலில் தேடிய மருத்துவர் அவர்.

ஆயினும் அவருடைய முடிவு முழுவதும் சரி என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். கழுத்துக் கழலைக்கு முதன்மையான காரணம் அயோடின் குறைவு என்பது பின்னர் உறுதியாயிற்று. மனித உடலில் உள்ள அயோடின் மொத்தமும் சேர்ந்தால் 15 அல்லது 20 மில்லிகிராம். அதாவது ஓர் அரிசிமணியின் எடை கூட இராது! ஐம்பது கிலோ உடலில் ஓர் அரிசிமணி குறைந்தால் கழுத்தில் எலுமிச்சம்பழம் போல வீக்கம் எழுகிறது. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே நம் ஊர் வழியாகப் போகும் சாலையில் உப்பு லாரிகளைப் பார்க்கும்போது, அந்த உப்பில் இன்று சேர்க்கப்படும் துளி அயோடினை நாம் நினைத்துக்கொள்ளலாம்.

கில்கிட்டுக்கு அருகில் உள்ள ஹன்சா நாட்டு மக்கள் அவரை மிகவும் கவர்ந்தார்கள். முழுக் கோதுமை, பார்லி, காய்கறி, சர்க்கரைப் பாதாமி என்னும் மலைப்பழம், சிறிது பால், எப்போதாவது இறைச்சி என்று எளிய உணவு உண்டு, செங்குத்தான மலைகளில் சலிக்காமல் நடந்தார்கள். அவர்களைப் பற்றிப் பின்னாளில் பிறர் எழுதிய நூற்று இருபது வயதுக் கதைகளை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வி மெக்காரிசனின் மனத்தில் விழுந்து விட்டது. மருத்துவர்கள் எல்லாரும் மனிதன் ஏன் நோயுறுகிறான் என்று கேட்கிறார்கள். மனிதன் எதனால் நலமாக இருக்கிறான் என்று ஏன் கேட்பதில்லை?

1911இல் அவர் மணம் புரிந்தார். மனைவியின் பெயர் ஹெலன் ஸ்டெல்லா. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. 1914இல் உலகப் போர் மூண்டது. அவரும் போர்ப்பணிக்குச் சென்றார். போர் முடியும் ஆண்டான 1918இல்தான் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். நாய்க்கடிக்கு மருத்துவம் செய்வதற்காக 1907இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. அங்கே பெரிபெரி என்னும் நோயை ஆராயும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது.

பெரிபெரி வந்தவருக்குக் காலும் கையும் மரத்துப் போகும், நடக்க இயலாது, இதயம் தளரும். இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசியை மட்டுமே பெரிதும் நம்பி உண்பவர்களை அது பற்றியது. அரிசியின் தவிட்டில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, தீட்டும்போது அது போய் விடுகிறது என்பதை ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் எய்க்மான் கோழிகளைக் கொண்டு முன்பே கண்டிருந்தார். அந்தப் பொருள்தான் இன்று நாம் தையமின் அல்லது வைட்டமின் பி1 என்று பாடத்தில் படிப்பது. இதிலும் அரிசிமணிக் கணக்குத்தான்! உடலில் உள்ள தையமின் முழுவதும் 25 அல்லது 30 மில்லிகிராமைத் தாண்டாது.

இந்த நோயில் எடையே பொய் சொல்லும் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பெரிபெரியில் ஒரு வகையில் உடலெங்கும் நீர் கோத்து வீங்கும். தசை கரைந்துகொண்டே இருக்கும். ஆனால் நீர் ஏறுவதால் தராசு முள் இறங்காது, சில வேளை ஏறவும் செய்யும். பார்ப்பவர் உடம்பு தேறி விட்டது என்பார்; உள்ளே உடம்பு தேய்ந்துகொண்டிருக்கும்.

எனவே மெக்காரிசன் முழு உடலின் எடையோடு நிற்கவில்லை. தீட்டிய அரிசியை மட்டும் தின்று இறந்த புறாக்களை அறுத்து, ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே எடை போட்டார். நல்ல உணவு தின்ற புறாவின் அதே உறுப்பையும் எடை போட்டு ஒப்பிட்டார். இப்படி எத்தனையோ புறாக்கள்! பொறுமை என்றால் இதுதான்.

எல்லா உறுப்புகளும் ஒரே அளவில் குறையவில்லை. முதலில் தைமஸ் என்னும் சுரப்பி, பிறகு இனப்பெருக்க உறுப்புகள், மண்ணீரல் ஆகியவை மிகவும் சுருங்கின. அவற்றுக்கு அடுத்து கணையம், இதயம், கல்லீரல், சிறுநீரகம் என்று வரிசையாக எடை குறைந்தது. தைராய்டு குறைந்தது கொஞ்சம். வரிசையில் கடைசியாக நின்றது மூளை. மற்றவை எல்லாம் தம் சதையைக் கொடுத்த பின்னும் மூளை தன் எடையை ஏறக்குறைய அப்படியே வைத்திருந்தது. மழை பொய்த்த ஆண்டில் நம் கரிசல்காட்டு வீடுகளில் என்ன செய்வார்கள்? குலுக்கையில் உள்ள தவசம் தீரும், ஆடு விற்கப்படும், அண்டாவும் தவலையும் அடகுக்குப் போகும், ஆனால் விதைத் தவசத்தில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். உடலும் அதே குடித்தனம்தான் நடத்துகிறது.

ஓர் உறுப்பு மட்டும் இந்த வரிசையில் சேரவில்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி குறைவதற்குப் பதிலாகப் பெருத்திருந்தது! உடலுக்கு இடர் வரும்போது மிகையாக உழைப்பது அந்தச் சுரப்பி. இதை எடை போடாமல் யார் கண்டிருக்க முடியும்? உடலின் மொத்த எடையில் அது ஒரு துளி. இந்த ஆராய்ச்சிகளை அவர் 1921இல் குறைபாட்டு நோய்கள் பற்றிய நூலாக வெளியிட்டார். குரங்குகளுக்கும் குறையுள்ள உணவு தந்து, அவற்றின் குடல் எப்படிப் பழுதுபடுகிறது என்பதையும் அதில் காட்டினார். வாயற்ற உயிர்களை இப்படி வருத்தலாமா என்று நம்மில் சிலருக்குத் தோன்றும். தோன்றுவது நல்லதே. இன்று விலங்குச் சோதனைகளுக்கு அக்காலத்தில் இல்லாத கட்டுப்பாடுகள் உண்டு.

இவ்வளவு செய்தும் 1923இல் இடி விழுந்தது. அரசின் செலவைக் குறைக்க அமைக்கப்பட்ட குழுவின் ஆலோசனைப்படி, அவருடைய ஆராய்ச்சி தேவையற்ற செலவு என்று நிறுத்தப்பட்டது. மக்கள் என்ன உண்கிறார்கள் என்று பார்ப்பது வீண் செலவாம்! இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் தொடங்க முடிந்தது. ஆனால் அந்த இடைவெளிக்குள், 1924இல், அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நாரிஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய பெரிய அறிக்கை வெளிவந்தது. ஆந்திரக் கடற்கரைப் பகுதிகளில் பெரிபெரி இருந்தது, தமிழகத்தில் குறைவு. நாம் புழுங்கல் அரிசி உண்பதே அதற்குக் காரணம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கி விடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. இதை மெக்காரிசனுக்குப் பின் அதே குன்னூரில் ஆராய்ந்து விளக்கியவர் டாக்டர் அய்க்ராய்டு. நெல் அவித்த நம் பாட்டிமாருக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. ஆனால் நெல்லை அவிக்காமல் குத்த மாட்டார்கள்.

இனி எலிகளுக்கு வருவோம். அவர் புகழ் நிலைத்தது எலிகளால்தான்.

இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவை, அவர்கள் சமைப்பது போலவே சமைத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் மெக்காரிசன். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளிகள், சென்னை மாகாணத்தார் என்று ஏழு உணவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வயதும் ஒரே எடையும் உள்ள இருபது எலிக்குஞ்சுகள். எல்லாம் ஒரே இனம். கூண்டும் ஒன்று, வெயிலும் ஒன்று, கவனிப்பும் ஒன்று. சுமார் 140 நாட்களுக்குப் பிறகு எல்லாவற்றையும் தராசில் வைத்தார்.

சீக்கிய உணவு தின்ற எலிகள் முதலிடத்தில் நின்றன. முழுக் கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், முளைகட்டிய பயறு, பச்சைக் காரட், முட்டைக்கோஸ், வாரத்தில் ஒரு நாள் சிறிது இறைச்சி என்பது அவற்றின் உணவு. அடுத்துப் பட்டாணியர், மராட்டியர் என்று இறங்கி, கடைசி இடத்தில் நின்றவை எவை என்று நினைக்கிறீர்கள்? நம் சென்னை மாகாணத்து எலிகள்தாம்! கழுவிக் கழுவிச் சத்துப் போன தீட்டிய அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய், சிறிது மோர், சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்த காப்பி. ஆம், எலிகளுக்குக் காப்பி! அவற்றின் எடை சீக்கிய எலிகளின் எடையை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

இதைப் படித்தபோது எங்களுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தோம். அந்தக் காலத்து ஆங்கிலேயர், வடக்கே உள்ளவர்கள் வீர இனம், தெற்கே உள்ளவர்கள் நோஞ்சான் இனம் என்று பிரித்துப் பேசி வந்தார்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதிலும் அதைக் கடைப்பிடித்தார்கள். மெக்காரிசனின் தராசில் ஏறியவை எல்லாம் ஒரே இனத்து எலிகள். வேறுபட்டது தட்டில் இருந்த உணவு மட்டுமே. அப்படியானால் மனிதருக்குள் காணும் உடல் வேறுபாட்டுக்கும் இரத்தத்தைக் காரணம் காட்டத் தேவையில்லை, சோற்றுப்பானையைப் பார்த்தால் போதும் என்றாகிறது. அவர் எண்ணியோ எண்ணாமலோ, இனப் பெருமைக்கு அந்த வெள்ளை எலிகள் நல்ல பதில் சொல்லி விட்டன என்றே நாங்கள் கருதுகிறோம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தார் உணவு என்று அவர் பெயரிட்டது அரிசிச் சீமையின் உணவு. அருப்புக்கோட்டை, திருச்சுழி, பந்தல்குடி வட்டாரத்தில் அக்காலத்தில் அன்றாடம் அரிசிச் சோறு உண்டவர்கள் எத்தனை பேர்? தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், கோயில் திருவிழா, கல்யாணம் ஆகியவற்றுக்குத்தான் நெல்லுச்சோறு. மற்ற நாட்களில் கம்பங்கூழும், கேப்பைக் களியும், சோளச்சோறும், குதிரைவாலியும்தான். எங்கள் பாட்டிமார் அதை வறுமையின் அடையாளமாகவே நினைத்து, பேரப்பிள்ளைகளாவது வெள்ளைச் சோறு உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அவர்களுடைய உணவுக்கும் குன்னூரில் ஒரு கூண்டு கிடைத்திருந்தால் அந்த எலிகள் எந்த இடத்தில் நின்றிருக்கும்?

சிறுதானியத்தை மெக்காரிசன் அறியாதவர் அல்லர். கோயம்புத்தூர் வேளாண்மை வேதியியல் அறிஞர் பி. விஸ்வநாத்தோடு சேர்ந்து, தொழுவுரம் இட்டு விளைந்த தானியத்தையும் இரசாயன உரம் இட்டு விளைந்த தானியத்தையும் ஒப்பிட்டார். தொழுவுரத்தில் விளைந்தது சத்து மிக்கது என்று 1926இல் இருவரும் எழுதினார்கள். எருக்குழியில் தொடங்கி எலும்பு வரை ஒரே சங்கிலி என்பது அவர் எண்ணம். உரத்தைப் பற்றிய வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குள் நாம் புக வேண்டாம்.

பின்னர் அவருடைய ஆய்வுக்கூடம் உணவு ஆராய்ச்சிக் கூடம் என்று பெயர் பெற்றது. அவர் அதன் இயக்குநரானார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைச் சீக்கிய உணவிலேயே இரண்டே கால் ஆண்டுகள் வளர்த்துப் பார்த்தார். எலிக்கு அது மனிதரின் ஐம்பது வயது போல. அந்தக் கூட்டத்தில் நோய் இல்லை; வளர்ந்த எலிகளில் இயற்கையான சாவு இல்லை; தற்செயலாக இறந்த சில குஞ்சுகளைத் தவிரக் குஞ்சுச் சாவும் இல்லை. அதே கூரையின் கீழ் குறையுள்ள உணவு தின்ற எலிகளுக்கோ நுரையீரல் நோய், வயிற்றுப்புண், சிறுநீர்க்கல் என்று நோய்கள் வரிசையாக வந்தன.

ஆங்கிலேய ஏழைகளின் உணவையும் அவர் விட்டு வைக்கவில்லை. வெள்ளை ரொட்டி, மார்ஜரின், இனிப்புத் தேநீர், வேகவைத்த காய்கறி, டப்பா இறைச்சி, மலிவான ஜாம் ஆகியவற்றை இருபது எலிகளுக்குக் கொடுத்தார். அவை வளரவில்லை. அது மட்டுமா? பராமரிக்க வந்தவர்களைக் கடித்தன, தங்களுக்குள் சண்டையிட்டன, அறுபதாம் நாள் வாக்கில் வலிய எலிகள் மெலிந்த எலிகளைக் கொன்று தின்னத் தொடங்கின. பக்கத்துக் கூண்டில் நல்ல உணவு தின்ற இருபதும் அமைதியாக இருந்தன. பசிக்கும் சினத்துக்கும் உள்ள உறவை வீட்டில் அம்மாக்களும் விடுதியில் சிஸ்டர்களும் நன்கு அறிவார்கள்!

எலி வேறு, மனிதர் வேறு என்பது உண்மைதான். அதிக எடை இருந்தால் அதிக நலம் என்று சொல்லவும் முடியாது. இன்று பலர் மிகையான கொழுப்பால் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் ஆளாவதை ஒவ்வொரு தெருவிலும் காண்கிறோம். மெக்காரிசன் காலத்துக் கவலை வேறு. ஆனால் எடைக்குள் என்ன இருக்கிறது என்ற அவருடைய கேள்வி பழையதாகவில்லை. பத்தாம் வகுப்பில் இருக்கும் எங்களிடையே, மெலிந்து விட வேண்டும் என்று காலையில் வெறும் டீ குடித்து வருபவர்கள் உண்டு. மதியத்துக்குள் தலைசுற்றி மேசையில் சாய்கிறவர்களும் உண்டு. பட்டினி கிடந்து முதல் சில நாட்களில் இறங்கும் கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். பிறகு கொழுப்போடு தசையும் போகிறது. எலும்பின் கதை இன்னும் கடுமையானது. வாழ்நாள் முழுவதும் நமக்கு இருக்கப் போகும் எலும்பின் கனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு பதினெட்டு வயதுக்குள் சேர்ந்து விடுகிறது. அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்க முடியாது. நம் உடலில் உள்ள இரும்பு மொத்தம் மூன்று நான்கு கிராம், ஒரு சிறு ஆணியின் அளவு. அது குறைவதைத் தராசு காட்டவே காட்டாது. தலைசுற்றலும் மூச்சிரைப்பும்தான் காட்டும். பெண் என்றால் உடலில் கொழுப்பின் பங்கு ஆணை விடச் சற்று அதிகமாகத்தான் இருக்கும். அது இயற்கை தந்தது, குறை அன்று. இதைத் தெரிந்துகொள்ளாமல் சினிமா நடிகையின் இடுப்பைப் பார்த்துச் சோற்றை ஒதுக்குவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

1933இல் மெக்காரிசனுக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. 1935இல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். மறு ஆண்டு லண்டனில் உணவும் நாட்டு நலமும் என்ற பொருளில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் நூலாக வந்தன. குன்னூர் எலிகளின் கதையை உலகம் அறிந்தது அதன் வழியாகத்தான். ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பத்து ஆண்டுகள் அங்கே பட்டம் பெற்ற மருத்துவர்களுக்கான மேற்படிப்பை நடத்தினார். 1953இல் அவருடைய எழுபத்தைந்தாம் பிறந்தநாளை ஒட்டி அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒரே தொகுப்பாக வெளியிடப்பட்டன. 1960 மே 18ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் இறைவனடி சேர்ந்தார். அப்போது வயது எண்பத்திரண்டு.

அவர் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடம் 1958இல் குன்னூரிலிருந்து ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இயங்குகிறது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். பல முறை திருத்தப்பட்டு ஐதராபாத்திலிருந்து வெளிவரும் அந்தப் பட்டியலை எங்கள் மனையியல் ஆசிரியை வகுப்பில் காட்டினார்கள். நூறு கிராம் தீட்டிய அரிசிக்கு நேரே சுண்ணாம்புச்சத்து 10 மில்லிகிராம் அளவு. எங்கள் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நினைத்த கேப்பைக்கு நேரே 340 மில்லிகிராமுக்கு மேல்.